டிசம்பர் மழையும் பாதி நிரம்பிய ஒத்திகை அறையும்

இந்த வாரம் கடிதம் எழுதியிருப்பவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு நாடக இயக்குநர். பகலில் அலுவலக வேலை, மாலையில் நாடகம் என்று 11 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு சிறிய தமிழ் நாடகக் குழுவை நடத்தி வருகிறார். அவரும் குழுவினரும் யார் என்று தெரியாமலிருக்க, சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அவருடைய புதிய நாடகம் மேடையேறுகிறது. நடிகர்கள் 12 பேர், மேடைக்குப் பின்னால் 5 பேர். நவம்பர் தொடக்கத்தில் ஒத்திகை ஆரம்பித்தபோது எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் இரவு 7.30 முதல் 10.30 வரை, ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 முதல் 8 வரை. டிசம்பர் வந்தது, மழை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள். சென்ற வியாழனன்று 7.30 மணிக்கு அறையில் இருந்தவர்கள் 5 பேர். 8.15-க்கு 7 பேர். கதாநாயகனாக நடிப்பவர் மூன்று வாரமாக ஒத்திகைக்கு வரவில்லை. 'சாரிண்ணா' என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. விளக்கமைப்பைக் கவனிப்பவர் இன்னும் ஒரு ஒத்திகையைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. அன்றிரவு இயக்குநர் பொறுமை இழந்து எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். மேடை நிர்வாகியாக இருக்கும் 24 வயதுப் பெண் அழுதுகொண்டே வெளியேறினார். அன்றிலிருந்து குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் இல்லை.

அவர் கேட்பவை இவை. காய்ச்சலோடும் ஒத்திகை நடத்திய ஆசிரியரிடம் கற்றவன் நான், இந்தத் தலைமுறைக்கு ஈடுபாடே கிடையாதா? குளிர்காலத்தில் மனச்சோர்வு வரும் என்று வெளிநாட்டு நாடகக்காரர்கள் எழுதுகிறார்களே, இவர்களுக்கும் அதுதானா? தாமதமாக வருபவர்களுக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போடலாமா? கதாநாயகனை மாற்றிவிடலாமா? அல்லது நாடகத்தையே ரத்து செய்துவிடலாமா?

அன்பு நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உங்கள் வேதனைதான் தெரிந்தது. 11 ஆண்டுகள் சொந்தப் பணத்தையும் தூக்கத்தையும் கொடுத்து வளர்த்த ஒன்று கண்முன்னே கரைவதைப் பார்ப்பவரின் கடிதம் அது. இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று பட்டது. யார் யார் எத்தனை நாள் வரவில்லை என்று தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். ஏன் வரவில்லை என்று யாரிடமாவது கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

ஆனால் காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே அங்கங்கே இருக்கின்றன. ஒருவர் தாதி, இரவுப் பணிக்கு மாறியிருக்கிறார். ஒருவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார், விரதத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டு பேர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு 17 வயது, தொடக்கக் கல்லூரி மாணவி. ஒருவர் ரிசர்விஸ்ட் பயிற்சியில், அதாவது தேசிய சேவையை முடித்தவர்களுக்கான பயிற்சியில். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எல்லாம் இருக்கின்றன. இவர்களில் ஒருவர்கூட நாடகம் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இது குளிர்கால நோய் அல்ல

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடலாம். பருவகால மனச்சோர்வு என்பது உண்மையான ஒரு நிலை. 1984-இல் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதை விவரித்தார்கள். பகல் வெளிச்சம் குறைவதுதான் அதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. லண்டனில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்கே ஒத்திகைக்குக் கிளம்புபவர் வேலை முடிந்து இருட்டில் வந்து இருட்டில் வீடு திரும்புகிறார். அறைக்குள் வெப்பமூட்டி வையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள் என்று அவர்கள் எழுதுவது அந்த ஊருக்குச் சரி. சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 10 நிமிடம்தான் வித்தியாசம். ஜூன் ஆனாலும் டிசம்பர் ஆனாலும் 7 மணியை ஒட்டித்தான் இருட்டுகிறது. அதனால் உங்கள் 17 பேருக்கும் மொத்தமாக ஒரு நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம்.

நமக்கு இருப்பது வடகிழக்குப் பருவமழை. டிசம்பரிலும் ஜனவரியிலும் சில சமயம் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். நனைந்த காலணியோடு வரும் நடிகரை நாம் 20 டிகிரியில் ஏர்கான் ஓடும் அறையில் உட்கார வைக்கிறோம். நம் ஊரில் உண்மையான குளிர்காலம் ஒத்திகை அறைக்குள்தான். ஏர்கானை 25-க்கு ஏற்றுங்கள். வாசலில் நான்கைந்து துண்டுகளும், நனைந்த காலணியைக் கழற்றி வைக்க இடமும் இருக்கட்டும். ஒரு பெரிய குடுவையில் வெந்நீர், கூடவே தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர். குளிர்ந்த வறண்ட காற்று தொண்டையை உலர்த்தும், அதில் மூன்று மணி நேரம் உரக்க வசனம் பேசினால் குரல் கட்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடினால் வழுக்கும், ஆரம்பிக்கும் முன் ஒருவர் தரையைத் துடைக்கட்டும். இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் "இந்த அறையில் என்னைப் பற்றி ஒருவர் யோசித்திருக்கிறார்" என்று வருபவருக்குத் தெரிய இவை போதும்.

காய்ச்சலோடு ஒத்திகை நடத்திய உங்கள் ஆசிரியரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதை அளவுகோலாக வைக்காதீர்கள். இங்கே சளிக்காய்ச்சல் ஆண்டிறுதியை ஒட்டி ஒருமுறையும், ஆண்டின் நடுவில் ஒருமுறையும் கூடுகிறது. மூடிய அறையில் முகத்துக்கு முகம் வசனம் பேசும் குழுவில் ஒருவர் காய்ச்சலோடு வந்தால் அடுத்த வாரம் நான்கு பேர் வரமாட்டார்கள். காய்ச்சல் என்றால் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை இயக்குநரே விதியாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொள்ள விரும்புபவர்கள் இப்போதே போடட்டும், அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும்.

அந்தக் காலத்துக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அது போன்ற பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்களே நடித்த நாடகக் குழுக்களில், பிள்ளைகள் கம்பெனியிலேயே தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள், அங்கேயே பாடம் படித்தார்கள். நாடகம்தான் அவர்களுக்குப் பிழைப்பும் வீடும். கூப்பிட்ட நேரத்துக்கு ஒத்திகைக்கு வந்து நிற்க முடிந்தது. உங்கள் நடிகர் காலை 8.30 முதல் மாலை 6 வரை வேறொருவருக்கு உழைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. தெருக்கூத்துக் கலைஞர்கள்கூட ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆடுவது அரிது. தை பிறந்த பிறகுதான் கூத்துக்காலம் சூடு பிடிக்கும். மழைக்காலத்தில் வேகம் குறைவது தமிழ்க் கலைஞருக்குப் புதிதல்ல.

ஒரு மாலைக்கு என்ன விலை கொடுக்கிறார்கள்

உங்கள் ஒத்திகை அறை தீவின் தென்கிழக்கே, மவுண்ட்பேட்டன் பக்கம். குழுவில் மூன்று பேர் எதிர்ப்பக்கம், வடக்கே உட்லண்ட்ஸிலும் வடமேற்கே சுவா சூ காங்கிலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரின் வியாழக்கிழமையைக் கணக்குப் போடுவோம். 6 மணிக்கு வேலை முடிகிறது. ரயில் பிடித்து, இரண்டு தடம் மாறி, மழையில் நடந்து 7.30-க்கு வருகிறார். இரவுச் சாப்பாடு கிடையாது. 8.15 வரை மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார். பிறகு அவர் இல்லாத காட்சி. 9.40-க்கு அவருடைய காட்சி, 15 நிமிடம். 10.30-க்கு முடிந்து வீடு சேர ஏறக்குறைய நள்ளிரவு. மழை வலுத்துக் கிராப் வாடகைக் கார் எடுத்தால் அந்த நேரத்துக் கட்டணம் வயிற்றைக் கலக்கும். 15 நிமிட நடிப்புக்கு ஐந்தரை மணி நேரம். நவம்பரில் புதுமையின் உற்சாகம் இந்தக் கணக்கை மறைத்தது. டிசம்பர் மழை அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இதை நான் அனுபவத்தில் அறிவேன். இருபது வயதில் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். மூன்றாம் காட்சியில் இரண்டே வசனம் எனக்கு. தினமும் 7 மணியிலிருந்து 10 மணி வரை சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். சில நாள் என் காட்சி வரவே வராது. பத்தாவது நாளோ என்னவோ, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்று இரவு முழுக்க அந்த இரண்டு வசனத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசை கொஞ்சமும் குறையவில்லை. சுவரோரம் உட்காரத்தான் முடியவில்லை.

அதனால் முதல் வேலையாக ஒரு பெரிய தாளை எடுங்கள். இடப்பக்கம் காட்சிகள், மேலே பாத்திரங்கள். யார் எந்தக் காட்சியில் என்று புள்ளி வையுங்கள். அதைப் பார்த்தாலே எந்த மாலைக்கு எந்த மூன்று பேர் போதும் என்று தெரிந்துவிடும். செவ்வாய், வியாழனில் அந்த மூன்று நான்கு பேரை மட்டும் வரச் சொல்லுங்கள். 7.45 முதல் 8.45 வரை ஒரு காட்சி, 9 முதல் 10 வரை இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனி கால் டைம், அதாவது வந்து சேர வேண்டிய நேரம். இரவு 10 மணிக்குக் கதவு பூட்டப்படும். முழுக் குழுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடட்டும், அதுவும் 2 முதல் 6 வரை. இரண்டு வாரத்துக்கான அட்டவணை முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்க வேண்டும். தாதிக்கு அவருடைய பணிப்பட்டியல் வந்ததும் அதை வாங்கி, அதைச் சுற்றி அவருடைய காட்சிகளை வையுங்கள். காவடி எடுப்பவருக்குத் தைப்பூசத்துக்கு முந்தைய சில நாள்களும் அடுத்த நாளும் ஒத்திகை வேண்டாம். பொங்கலன்றும் விடுங்கள்.

மழை கொட்டும் நாளில் வசனப் பயிற்சியை மட்டும் வீடியோ அழைப்பில் வைத்துக்கொள்ளலாம், 40 நிமிடம் போதும். நடமாட்டம், பார்வை, மௌனம் இதையெல்லாம் அப்படிப் பழக முடியாது. அதனால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

மாணவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஜனவரியில் கல்லூரி திறந்துவிடும். அவரை 9 மணிக்கு அனுப்பிவிடுங்கள். அட்டவணை அவருடைய பெற்றோர் கைக்கும் போகட்டும். ரயில் நிலையம்வரை குழுவின் பெண்களில் ஒருவர் உடன் போகட்டும். இது உங்கள் பொறுப்பு, கேட்டால் செய்கிற உதவி அல்ல.

இன்னொன்று. முதல் வாசிப்பு முடிந்து, மேடை இன்னும் கண்ணுக்குத் தெரியாத இந்த நடுக்கட்டம் எந்த நாடகத்திலும் தொய்வாகத்தான் இருக்கும். வசனம் பாதி மனப்பாடம், கையில் தாளும் வேண்டும், தாளால் நடிப்பும் வராது. "இன்றும் ஒன்றும் நடக்கவில்லை" என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் கால் எழாது. ஒத்திகை தொடங்கும்போது இன்று எதை முடிக்கப் போகிறோம் என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "இன்று நான்காம் காட்சி, தாள் இல்லாமல், ஒருமுறை." முடிந்ததும் எது கூடிவந்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "அருமை, சூப்பர்" என்பதெல்லாம் காதில் ஏறாது. "கடிதத்தை மடித்த பிறகு நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நின்றீர்களே, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அவர் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போவார். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, குழுவுக்கு வெளியிலிருந்து நான்கைந்து பேரை அழைத்து முதல் பாதியை நடித்துக் காட்டச் செய்யுங்கள். எவ்வளவு தயாராகியிருக்கிறதோ அவ்வளவு போதும். பார்ப்பதற்குக் கண்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் நடிகர் உடம்பு தானாக நிமிரும்.

அபராதம் வேண்டாம்

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் இதை ஆராய்ந்தார்கள், ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் தாமதமாக வந்தார்கள் என்று 6 காப்பகங்களில் சிறிய அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, அதிகரித்தது. பிறகு அபராதத்தை நீக்கியபோதும் பழைய நிலை திரும்பவில்லை. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து வாங்கும் சேவையாக அது மாறிவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உங்கள் குழுவில் 10 வெள்ளி என்பது சம்பளக்காரருக்கு ஒரு சாப்பாட்டுச் செலவு, மாணவிக்குப் பெரிய தொகை. யார்மீது உண்மையில் விழும் என்று நீங்களே பாருங்கள். தவிர, சம்பளம் இல்லாமல் வருபவரிடம் பணம் வசூலிக்க உங்களுக்கிடையே எந்த ஏற்பாடும் இல்லை.

இப்போதே உங்கள் குழுவில் ஒரு அபராதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டுபவர்கள் நேரத்துக்கு வருபவர்கள். 7.30-க்கு வந்த 5 பேரும் 45 நிமிடம் கட்டினார்கள். அதை நிறுத்துங்கள். 7.45 என்றால் 7.45-க்கு, இருப்பவர்களை வைத்து ஆரம்பியுங்கள். வர முடியாதவர் மாலை 5 மணிக்குள் மேடை நிர்வாகிக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி போதும். அதையும் நீங்கள் அறிவிக்காமல், எல்லாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளட்டும். தாங்களே போட்ட விதியை மனிதர்கள் மீறத் தயங்குவார்கள்.

மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள்

உங்கள் கடிதத்தில் நடிகர்களுக்கு மூன்று பக்கம், பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு பத்தி. ஒத்திகை அறையிலும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

விளக்கமைப்பாளர் நட்புக்காகச் செய்கிறார் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, நாடகம் முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் சுயதொழில் செய்பவர், நீங்கள் அவரிடம் வேலை ஒப்படைத்தவர். வாய்வார்த்தையும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கடினம். பணம் தகராறானால் அவர் சிறு வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் டிசம்பர் அவருடைய தொழிலுக்கு மும்முரமான மாதம். நிறுவனங்களின் ஆண்டிறுதி விருந்துகள் எல்லாம் இப்போதுதான். முன்பணம் கொடுத்தவர்களின் வேலைக்குத்தான் அவர் முதலில் போவார். அதில் தவறு என்ன?

மொத்தத் தொகை, எந்தத் தவணையில், எந்தெந்த நாள் வர வேண்டும், நிகழ்ச்சி ரத்தானால் என்ன தருவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் தவணையை இந்த வாரமே கொடுங்கள். டிசம்பரில் அவரை அறைக்கு அழைக்க வேண்டாம். ஞாயிறு ஒத்திகையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புங்கள். ஜனவரியில் இரண்டு முழு ஒத்திகைகளுக்கு மட்டும் கட்டாயம் வர வேண்டும் என்று கேளுங்கள். கியூ, அதாவது விளக்கு மாற வேண்டிய இடம், எங்கே வருகிறது என்று தெரியாமல், பொருள்களை அரங்கத்துக்குள் ஏற்றி அமைக்கும் பம்ப்-இன் நாளில் வந்து நிற்பதை எந்த விளக்கமைப்பாளரும் விரும்பமாட்டார்.

ஆடைகளையும் அரங்கப் பொருள்களையும் கவனிக்கும் இருவர் எதுவும் கேட்காதவர்கள் என்று பாராட்டியிருக்கிறீர்கள். கேட்காதவர்கள்தான் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அவர்களுக்கான கெடுவை முன்னால் நகர்த்துங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டித் தச்சுப் பட்டறை, அச்சகம், துணிக்கடை எல்லாம் நாள்கணக்கில் மூடியிருக்கும். ஜனவரி முதல் பாதியில் பொருள் வாங்காவிட்டால் பிப்ரவரியில் ஓட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும், நீங்கள் கருத்துச் சொல்லும் முன், பின்னால் இருப்பவர்கள் 10 நிமிடம் பேசட்டும். நடிகர்கள் கேட்கட்டும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். ஒத்திகையில் யாருக்காவது அடிபட்டால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியர்களுக்கானது. தொண்டூழியர்களும் சுயதொழில் செய்பவர்களும் அதில் வரமாட்டார்கள். ஏணி ஏறுபவர்களும் ஈரத் தரையில் ஆடுபவர்களும் உள்ள குழுவுக்கு ஒரு குழு விபத்துக் காப்புறுதி வேண்டும். விசாரித்து எடுத்துவிடுங்கள்.

கதாநாயகனை மாற்றும் முன்

அவரோடு உங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை, மாற்றுவது உங்கள் விருப்பம். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்புவரை முதல் ஆளாக வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினால் அதை அலட்சியம் என்று மட்டும் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். அவர் வீட்டுப் பக்கக் கோப்பிக் கடைக்கு நீங்கள் போங்கள். "மூன்று வாரமாக உன்னைக் காணோம். நாடகத்தை விடு, நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வந்தேன்" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் வாய் திறக்கும்வரை மௌனத்தை நிரப்ப முயல வேண்டாம். வேலைப்பளு என்றால் அட்டவணையில் தீர்த்துவிடலாம். பாத்திரத்தைக் கண்டு பயம் என்றால், இரண்டு மாலை நீங்களும் அவரும் மட்டும் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நன்றாக நடிப்பவர்களுக்கு இந்தப் பயம் அடிக்கடி வரும், வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். வீட்டில் நோய், பணப் பிரச்சினை, பிரிவு என்று வேறு ஏதாவது என்றால், கேட்டுக்கொள்ளுங்கள், அறிவுரை வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் அது நாடகக் குழுவில் தீர்க்கும் விஷயம் அல்ல. பலதுறை மருந்தகத்துக்கோ வழக்கமான மருத்துவரிடமோ போகச் சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் 24 மணி நேரமும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

அதே சமயம் நாடகத்தையும் காக்க வேண்டும். ஜனவரி முதல் ஞாயிறுக்குள் தொடர்வதா விலகுவதா என்று அவர் சொல்ல வேண்டும் என்பதை அன்போடு, தேதியோடு சொல்லுங்கள். அதுவரை இன்னொருவர் அந்த வசனங்களைப் படித்து வைத்திருப்பார் என்பதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். மூன்றாம் ஆள் மூலம் கேள்விப்பட்டால்தான் அது அவமானம்.

ரத்து செய்வது

இப்போது முடிவெடுக்காதீர்கள். அரங்க வாடகை ஒப்பந்தத்தில் ரத்து பற்றிய பகுதியை எடுத்துப் படியுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு எவ்வளவு திரும்பாது என்று அதில் இருக்கும். மானியம் வாங்கியிருந்தால், தேதியோ நாடகமோ மாறுவதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்துக்கும் முழு நாடகத்துக்கும் நடுவில் வழிகள் உண்டு. இரண்டு மணி நேர நாடகத்தை 90 நிமிடமாக்கலாம். இரண்டாம் பாதியின் கோவில் காட்சியில் உங்களுக்கே திருப்தி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிட்டால் மூன்று பேரின் சுமை குறையும். ஜனவரி நடுவில் தாள் இல்லாமல் ஒரு முழு ஒத்திகை நடந்துவிட்டால் தைரியமாகப் போங்கள். நடக்காவிட்டால் சுருக்குங்கள். என் கணிப்பில் உங்களுக்கு இன்னும் 9 வாரம் இருக்கிறது, அது போதும்.

அந்த வியாழக்கிழமை

உங்கள் மின்னஞ்சல் அதிகாலை 2.40-க்கு வந்திருந்தது. இயக்கம், டிக்கெட், உரிமத்துக்கான விண்ணப்பம், அரங்க அமைப்பு எல்லாவற்றையும் நீங்களே செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று கத்தியவர் பல நாள் தூங்காத மனிதர். டிக்கெட்டையும் உரிமத்தையும் இந்த வாரமே வேறு இருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் உங்களைவிட மெதுவாகச் செய்வார்கள், பரவாயில்லை.

கத்தியது தவறு. அதை ஒப்புக்கொள்வதால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறீர்கள், அப்படி ஆகாது. அடுத்த ஞாயிறு எல்லாரும் கூடியதும், "வியாழக்கிழமை நான் பேசிய விதம் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். "ஆனால் நீங்களும்..." என்று தொடராதீர்கள். உடனே புதிய அட்டவணையைக் கையில் கொடுத்து, எந்த நேரம் யாருக்கு ஒத்து வராது என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் மேடை நிர்வாகியிடம் பேச வேண்டும். நாளைக்கே பேசுங்கள், குறுஞ்செய்தி வேண்டாம். அந்தப் பெண் ஐந்து வாரமாக 16 பேரைத் தொலைபேசியில் துரத்தி, வராதவர்களுக்காக உங்களிடமும், உங்களுக்காக அவர்களிடமும் பேச்சு வாங்கியிருக்கிறார். மன்னிப்புக் கேளுங்கள், திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், முடிவை அவரிடம் விடுங்கள். வருவதாகச் சொன்னால், அந்தப் பெரிய தாளை அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அட்டவணை இனி அவர் கையில் இருக்கட்டும். இரவு 10 மணி ஆனதும் அவர் "போதும்ணா" என்றால், காட்சி நடுவில் இருந்தாலும் நீங்கள் நிறுத்த வேண்டும்.